சாப்புக்காக ஓடும் பயணம்: லாபம் யாருக்கு, தண்டனை யாருக்கு?



வடக்கே போகும் பெருஞ்சாலை கெடா மாநிலத்திலே சங்லூனைத் தாண்டி, புக்கிட் காயு ஈத்தாமில் முடிகிறது. அதற்கு அப்பால் சீயாம் தேசம். எல்லையை ஒட்டி தானோக் என்னும் சிறு பட்டணம். இன்னும் ஏறக்குறைய அறுபது கிலோமீட்டர் போனால் ஹாட்ஜாய். இந்தச் சாவடி வழியே வியாபாரிகள் போகிறார்கள். சரக்கு லாரிகள் போகின்றன. பள்ளி விடுமுறையிலே குடும்பங்கள் போகின்றன. அவர்களைப் பற்றி நமக்குப் பேச்சில்லை. அவர்களோடு கலந்து வேறொரு கூட்டமும் போகிறது. அதன் கையிலே பெட்டியில்லை, செலவுக்குப் பணமில்லை, பார்க்க வேண்டிய இடமும் இல்லை. காலையிலே போய் மாலையிலே திரும்புகிறது. மிஞ்சினால் மறுநாள் திரும்புகிறது. அது தேடிப் போவது ஒன்றே ஒன்று: பாஸ்போர்ட்டிலே விழும் ஒரு சாப்பு!

யார் இவர்கள்? தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து ‘சுற்றுப்பயணி’ என்ற பெயரிலே கொண்டுவரப்பட்டவர்கள். சுற்றிப் பார்க்க வந்தவர்களாம்! இவர்கள் சுற்றுவது சாப்பாட்டுக் கடையின் மேஜைகளை. பார்ப்பது அடுப்பையும் பாத்திரத்தையும். கார் கழுவும் கடையிலே நிற்கிறார்கள். முடிதிருத்தும் நிலையத்திலே கத்தரிக்கோல் பிடிக்கிறார்கள். பணக்கார வீடுகளிலே சமையலறைக்குள் அடைபட்டுக் கிடக்கும் பெண்களும் இவர்களிலே உண்டு. மாதம் முடிகிறது, பாஸ் முடிகிறது. முதலாளி ஒரு வேன் ஏற்பாடு செய்கிறார். “போ, எல்லை தாண்டி வா, இன்னும் ஒரு மாதம் ஓடும்” என்கிறார். வேன் கூலியையும் சம்பளத்திலே பிடித்துக்கொள்கிறார்.

இந்தப் பித்தலாட்டத்தைத்தான் இன்று தோலுரித்துக் காட்ட வேண்டியிருக்கிறது.

சலுகை வந்தது, சந்தையும் திறந்தது

2023 டிசம்பர் முதல் தேதியிலிருந்து இந்தியக் குடிமக்கள் விசா இல்லாமலே மலேசியாவுக்குள் வந்து 30 நாள் தங்கலாம் என்று அரசாங்கம் வழி திறந்துவிட்டது. பின்னர் அந்தச் சலுகையை 2026 டிசம்பர் 31 வரை நீட்டித்து அறிவித்தது. இதை நாம் குறை சொல்லவில்லை. நம்முடைய அத்தையும் மாமாவும் கலியாணத்துக்கு வருகிறார்கள், பத்துமலைக்குத் தைப்பூசத்துக்கு வருகிறார்கள், வந்து போகட்டும். உறவு வளரட்டும்.

ஆனால், ஏஜண்டுகள் இந்தச் சலுகையை வேறு கண்ணோடு பார்த்தார்கள். வேலை பெர்மிட்டுக்கு மனுப்போட வேண்டும், கோட்டா வேண்டும், வைத்தியப் பரிசோதனை வேண்டும், லெவி கட்ட வேண்டும். இந்தியாவிலும் 1983-ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டம் இருக்கிறது. பள்ளிப்படிப்புக் குறைந்த தொழிலாளி மலேசியாவுக்கு வேலைக்கு வருவதாயின், அங்குள்ள குடிபெயர்வோர் பாதுகாவலரிடம் அனுமதி பெற வேண்டும். பதிவு பெற்ற ஏஜண்டு 30,000 ரூபாய்க்கும் அதன்மேல் வரிக்கும் கூடுதலாக ஒரு காசு வாங்கக்கூடாது. இத்தனை வேலிகளையும் ஒரே தாவலிலே தாண்டுவதற்குச் ‘சுற்றுப்பயணி’ என்ற ஒரு சொல் போதும். சொல் மாறியதும் சட்டமும் தூங்கிவிடுகிறது! ஏஜண்டு கேட்டதுதான் கட்டணம். நகையை அடகு வைத்து, நிலத்தை ஈடு வைத்து, வட்டிக்கு வாங்கி அவன் கையிலே கொட்டுகிறார்கள். “போய் இறங்கியதும் பெர்மிட் போட்டுத் தருவார்கள்” என்று வாக்குறுதி. இறங்கியபின் பெர்மிட்டும் இல்லை. ஏஜண்டின் தொலைபேசியும் எடுபடுவதில்லை.

சுற்றுப்பயணிப் பாஸை நாட்டுக்குள்ளிருந்தே வேலை பெர்மிட்டாக மாற்றிக்கொள்வது இத்தகைய தொழிலாளிக்கு உரிமையாகக் கிடைக்கும் காரியமல்ல. இது ஏஜண்டுக்குத் தெரியும், முதலாளிக்கும் தெரியும். தெரியாதவன் தொழிலாளி ஒருவனே.

எல்லையிலே நடப்பது என்ன?

வடக்கே ஓடுவதற்குக் காரணம் உண்டு. சிங்கப்பூர் பக்கத்திலேதான் இருக்கிறது. பாலத்தைத் தாண்டினால் போதும். ஆனால் இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு அது முன்கூட்டியே விசா கேட்கும். சீயாமோ 2023 நவம்பரிலே இந்தியருக்கு விசா வேண்டாம் என்றது. 2024 ஜூலையிலே தங்கும் நாளை 60 ஆக்கியது. ஆகவே வேன்களெல்லாம் வடக்கு நோக்கின. புக்கிட் காயு ஈத்தாம் ஒரு வாசல். பெர்லிஸ் மாநிலத்துப் பாடாங் பெசார் இன்னொரு வாசல். பாடாங் பெசார் ரயில் நிலையத்திலே இரு நாட்டுச் சாவடிகளும் ஒரே கட்டடத்தில் இருக்கின்றன. ஒரு வரிசையிலே வெளியேறி மறு வரிசையிலே நுழைந்துவிடலாம் என்று ஏஜண்டு ஆசை காட்டுகிறான்.

ஆனால் ஒன்றைத் தெளிவாக அறிந்துகொள்ளுங்கள். எல்லை தாண்டித் திரும்பினால் புதுச் சாப்பு கிடைத்தே தீரும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. கொடுப்பதும் மறுப்பதும் குடிநுழைவு அதிகாரியின் முடிவு. “திரும்பிப் போக டிக்கட் எங்கே? செலவுக்குப் பணம் எங்கே? எங்கே தங்கப் போகிறாய்? போன மாதமும் வந்தாயே, அதற்கு முந்திய மாதமும் வந்தாயே, இந்த நாட்டிலே அப்படி என்ன பார்க்கிறாய்?” என்று அவர் கேட்டால், பாத்திரம் தேய்த்துக் காய்ப்பேறிய கையைப் பின்னால் மறைத்துக்கொண்டு இவன் என்ன பதில் சொல்வான்? விரல் ரேகை 2011 முதலே பதிவாகிறது. வருகைக் கார்டு இப்போது காகிதமல்ல. 2024 ஜனவரி முதல் மின்னியல் கணக்கிலே ஏறுகிறது. எத்தனை முறை வந்தான், எத்தனை நாள் இருந்தான் என்பதைக் கருவி ஒரு நொடியிலே சொல்லிவிடும். அதிகாரி தலையை ஆட்டினால் ‘என்.டி.எல்.’ என்று எழுதித் திருப்பி அனுப்பிவிடுவார்.

அதன் பிறகு? துணிமணி இங்கே, பாக்கிச் சம்பளம் இங்கே, மனிதன் தானோக்கிலே! தெரியாத பாஷை, தெரியாத ஊர். முதலாளிக்குத் தொலைபேசி செய்தால், “நான் என்ன செய்ய? உன் அதிர்ஷ்டம்” என்கிறார். பாக்கிச் சம்பளம் அவர் கல்லாவிலேயே தங்கிவிடுகிறது. சீயாமிலே நாள் கடந்து தங்கினால் நாளொன்றுக்கு 500 பாட், உச்சமாக 20,000 பாட் வரை அபராதம். அப்போதுதான் இன்னொருவன் வந்து காதிலே ஓதுகிறான்: “எலிப்பாதை ஒன்று இருக்கிறது. இரவிலே கூட்டிப்போய் விடுகிறேன்.”

தோழர்களே, எலிப்பாதை விளையாட்டல்ல. பாஸின்றி உள்ளே நுழைந்தால் குடிநுழைவுச் சட்டத்தின் 6-ஆம் பிரிவு பாயும். 10,000 வெள்ளி வரை அபராதம், ஐந்து ஆண்டு வரை சிறை, அதன் மேல் ஆறு வரை ரோத்தான் அடி. அந்தக் காடுகள் எப்படிப்பட்டவை என்பதையும் நாடு கண்டிருக்கிறது. 2015 மே மாதத்திலே பெர்லிஸ் எல்லையில் வாங் கெலியான் மலைக்காட்டிலே ஆள் கடத்துவோரின் முகாம்களும் 139 புதைகுழிகளும் கண்டுபிடிக்கப்பட்டன. பிழைக்க வழி தேடி வந்த ரோஹிங்கியாக்களும் வங்காள தேசத்தவரும் அகப்பட்டு மாண்ட இடம் அது. எல்லைத் தரகன் சிரித்துப் பேசுகிறான் என்பதால் அவனை நல்லவன் என்று நம்பிவிட வேண்டாம்.

கணக்கைப் பாருங்கள்

“கடை நடத்துவது கஷ்டம், ஆள் கிடைப்பதில்லை, ஏதோ ஒரு ஏழைக்குச் சோறு போடுகிறோம்” என்று சில முதலாளிகள் தர்மப் பிரபுக்களைப் போலப் பேசுகிறார்கள். அவர்களுடைய தர்மத்தைத் தராசிலே நிறுத்துப் பார்ப்போம்.

2025 பிப்ரவரி முதல் தேதி சட்டம் வைத்த குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. அதை 26 நாளாகவும் நாளுக்கு 8 மணியாகவும் வகுத்தால் மணிக்கு 8 வெள்ளி 17 காசு. மிகைநேரத்துக்கு ஒன்றரை மடங்கு. அதாவது 12 வெள்ளி 25 காசுக்குச் சற்று மேலே. ஒரு தொழிலாளி நாளுக்கு 12 மணி நேரமாக மாதம் 26 நாள் உழைக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். நாளுக்கு 4 மணி மிகைநேரம். மாதத்துக்கு 104 மணி. சட்டம் அனுமதிக்கும் உச்ச வரம்பே அதுதான். மிகைநேரத்துக்கு மட்டும் ஏறக்குறைய 1,274 வெள்ளி. மொத்தம் 2,970 வெள்ளிக்கு மேலே வர வேண்டும். வேலை முடியாத ஓய்வு நாளும் பொது விடுமுறையும் தனிக் கணக்கு.

சுற்றுப்பயணிப் பாஸிலே வந்தவனுக்கு முதலாளி 1,500 கொடுக்கிறார் என்று தாராளமாகவே கணக்கு வைப்போம். மீதி 1,470 வெள்ளி எங்கே போகிறது? சொக்சோ கட்டுவதில்லை. 2025 அக்டோபர் முதல் அந்நியத் தொழிலாளருக்கும் கட்டாயமாகிய இ.பி.எப். கட்டுவதில்லை. லெவி கட்டுவதில்லை. ஓர் ஆளின் தலையிலே மாதம் ஆயிரத்தைந்நூறு வெள்ளி அளவுக்கு மிச்சம் பிடித்துவிட்டு, அதிலே ஒரு தட்டுச் சோற்றைப் போட்டுத் தர்மம் என்று பெயரும் வைக்கிறார்! இதற்குப் பெயர் தர்மமா, கொள்ளையா?

கொதிக்கும் எண்ணெய் கையிலே கொட்டினால் என்ன ஆகும்? 2019 ஜனவரி முதல் அந்நியத் தொழிலாளருக்கும் சொக்சோ பாதுகாப்பு உண்டு. அது முறையான பெர்மிட் உள்ளவனுக்கு. ‘சுற்றுப்பயணி’க்கு விபத்து நஷ்டஈடு ஏது? அரசாங்க ஆஸ்பத்திரியிலே அந்நியருக்குரிய முழுக் கட்டணத்தையும் அவனே கட்ட வேண்டும். ஆகையால் அவன் ஆஸ்பத்திரிக்கே போவதில்லை. காயத்தைத் துணியால் சுற்றிக்கொண்டு மறுபடியும் அடுப்பருகே நிற்கிறான்.

முதலாளிகளின் குறையிலே உண்மை சிறிதும் இல்லை என்று நாம் சொல்லவில்லை. முடிதிருத்தும் தொழில், ஜவுளி, பொற்கொல்லர் தொழில் ஆகிய மூன்றுக்கும் அந்நியத் தொழிலாளரை எடுப்பது 2009 முதல் முடக்கப்பட்டிருந்தது. 2023-இலேதான் 7,500 பேருக்கு அனுமதி என்று அரசாங்கம் அறிவித்தது. பதினான்கு ஆண்டு கதவடைத்து வைத்தால் சிலர் சுவரேறிக் குதிக்கத்தான் செய்வார்கள். முறையான வழியைக் குறுக்கி வைத்து, முறைகேடான வழிக்குக் கூட்டம் சேர்த்துவிட்ட பொறுப்பு அரசாங்கத்துக்கும் உண்டு. ஆனால், ஆள் பற்றாக்குறைதான் காரணமென்றால் அந்த ஆளுக்குச் சட்டப்படியான சம்பளத்தை ஏன் கொடுக்கவில்லை? பற்றாக்குறையான சரக்குக்கு விலை ஏறுவதுதானே வியாபார நீதி? இவர்கள் கடையிலே மட்டும் ஏன் இறங்குகிறது? ஆள் இல்லாதது அவர்கள் குறையல்ல. வாய் திறவாத ஆள்தான் அவர்களுக்கு வேண்டும்.

பிடிபடுவது யார்?

சட்டப் புத்தகத்தைத் திறந்தால் நீதி இருக்கிறது. குடிநுழைவுச் சட்டம் 55பி பிரிவின்படி, முறையான பாஸ் இல்லாதவனை வேலைக்கு வைக்கும் முதலாளிக்கு ஆளொன்றுக்கு 10,000 முதல் 50,000 வெள்ளி வரை அபராதம், அல்லது 12 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ஒரே நேரத்தில் ஐவருக்கு மேல் வைத்திருந்தால் ஆறு மாதத்துக்குக் குறையாமல் ஐந்து ஆண்டு வரை சிறையும் ஆறு வரை ரோத்தானும் உண்டு. பிறருடைய பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைத்துக்கொள்வதும் 1966-ஆம் ஆண்டுப் பாஸ்போர்ட் சட்டப்படி குற்றமே.

ஆனால் சோதனை நடக்கும் நாளிலே பத்திரிகையிலே வரும் படத்தைப் பாருங்கள். தரையிலே வரிசையாகக் குந்தவைக்கப்பட்டிருப்பவர்கள் யார்? ஏப்ரன் கட்டிய தொழிலாளிகள். அவர்கள் வேலை செய்த கடைக்கு உரியவர் அந்தப் படத்திலே இருக்கிறாரா? தொழிலாளி லாரியேறி லெங்கெங் முகாமுக்கோ பெலாந்திக் முகாமுக்கோ போகிறான். கடை அடுத்த வாரம் வேறு முகங்களோடு நடக்கிறது. எல்லையிலே கைமாறும் பணமும் கதையல்ல. விமான நிலையத்திலே ‘கவுண்டர் செட்டிங்’ என்னும் லஞ்ச வலையை 2024-இலே ஊழல் தடுப்பு ஆணையம் அறுத்து, குடிநுழைவு அதிகாரிகள் சிலரையே கைது செய்தது. வாசலைக் காப்பவனே வாசலை விற்றால், வெயிலிலே நிற்கும் ஏழையை மட்டும் குற்றவாளி என்பது எந்த ஊர் நியாயம்?

தோட்டப் பாட்டாளிக்கு இதிலே என்ன?

“இது பட்டணத்துச் சங்கதி, ரப்பர் காட்டிலே இருக்கும் நமக்கென்ன?” என்று சிலர் கேட்கலாம். நன்றாகக் கேளுங்கள். தோட்டங்கள் துண்டாடப்பட்டு, செம்பனையாகி, வீடமைப்புத் திட்டமாகி, நம் பிள்ளைகள் லயத்தை விட்டு எங்கே போனார்கள்? அதே சாப்பாட்டுக் கடைக்கும் அதே பட்டறைக்கும்தானே? அவர்கள் போய்ச் சட்டப்படி 1,700 வெள்ளி கேட்டால், “உனக்குப் பாதியிலே ஆள் இருக்கிறது” என்று கதவைக் காட்டுகிறார்கள். தோட்டத்திலும் கொந்திராக்கு முறை என்ற பெயரிலே, பாஸ் இருக்கிறதா இல்லையா என்று கேட்காமல் ஆள் இறக்கும் தரகர்கள் இருக்கிறார்கள். கொந்திராக்கு ஆள் எண்ணிக்கை கூடக்கூடச் சங்கத்தின் ஒப்பந்தம் வெறுங்காகிதமாகிறது. வாய் கட்டப்பட்ட ஒருவன் பக்கத்து நிரையிலே நிற்கும்போது, வாயுள்ளவனின் கூலியும் இறங்குகிறது.

இதைக் கண்டு நம்மவரிலே சிலர், “இவர்களைப் பிடித்து ஊருக்கு அனுப்பு! நம் பிழைப்பைக் கெடுக்கிறார்கள்” என்று கொதிக்கிறார்கள். அந்தக் கோபம் நியாயமான வயிற்றிலே பிறந்தது. ஆனால் தவறான கதவைத் தட்டுகிறது. நம் பாட்டன் முப்பாட்டன் எப்படி வந்தார்கள் என்பதை மறந்தோமா? 1910 வரை ஒப்பந்தக் கூலியாய். அதற்கு முன்னும் பின்னும் கங்காணியின் பின்னால். கங்காணிக்குத் தலைக்காசு, இன்றைய ஏஜண்டுக்குக் கமிஷன். பெயர்தான் மாறியது. ஒரு வேற்றுமையையும் சொல்ல வேண்டும். 1907-இலே அமைந்த தமிழர் குடியேற்ற நிதிக்கு முதலாளிகள் பணம் கட்டினார்கள். கப்பல் கட்டணம் அதிலிருந்து போயிற்று. துரைமாரின் கருணையல்ல அது, ஆள் வேண்டியிருந்தது. ஆனாலும் கூலிக்காரன் தன் கப்பல் டிக்கட்டுக்காகக் கடன்பட வேண்டியதில்லை என்றாயிற்று. நூறு ஆண்டு கடந்தபின் விமான டிக்கட்டும் அவன் கடன், ஏஜண்டு கமிஷனும் அவன் கடன், எல்லை வேனும் அவன் கடன்! முன்னேற்றமா இது?

ஊருக்கு அனுப்பும் ஆயுதம் யார் கையிலே இருந்தது என்பதையும் சரித்திரத்திலே பாருங்கள். 1930-களின் மந்தத்திலே ரப்பர் விலை விழுந்தபோது நம்மவரைக் கப்பலேற்றித் திருப்பி அனுப்பினார்கள். 1941-இலே கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் கூலிக்காகவும் மரியாதைக்காகவும் எழுந்தபோது, அவர்களின் தலைவர் ஆர்.எச்.நாதனைக் கைது செய்து இந்தியாவுக்கு நாடு கடத்தினார்கள். 1968-ஆம் ஆண்டு வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்து, குடியுரிமை இல்லாதவன் பெர்மிட் எடுத்தே வேலை செய்ய வேண்டும் என்றபோது, இங்கேயே பால் வெட்டி மூத்துப்போன பல்லாயிரம் பேர், ஒரு காகிதம் இல்லாத குற்றத்துக்காகக் கப்பலேறினார்கள். ‘உன்னை அனுப்பிவிடுவேன்’ என்ற சொல் எக்காலத்திலும் தொழிலாளியின் வாயை அடைக்கவே பயன்பட்டிருக்கிறது. அந்தச் சொல்லை நம் வாயாலேயே நாம் சொல்லலாமா?

காகிதமில்லாதவனை வெறுப்பதால் நம் கூலி ஏறாது. அவனைக் காகிதமில்லாமல் வைத்திருப்பதிலே லாபம் காண்பவனைத் தடுத்தால் ஏறும். பாஸ் இல்லாதவனை வைத்தால் மலிவு என்ற கணக்கு பொய்த்துப்போகும் நாளிலே, எல்லைக்கு ஓடும் வேன்களும் தாமே நின்றுவிடும்.

நாம் கேட்பது

ஒன்று: சோதனை நடக்கும் இடத்திலெல்லாம் முதலில் முதலாளியின் மேல் 55பி பிரிவின் கீழ் வழக்குத் தொடுக்கப்பட வேண்டும். எத்தனை தொழிலாளர் பிடிபட்டனர் என்று சொல்லும் அறிக்கை, எத்தனை முதலாளிகள் தண்டிக்கப்பட்டனர் என்றும் சொல்ல வேண்டும்.

இரண்டு: பிடிபட்டவனின் பாக்கிச் சம்பளத்தைத் தொழிலாளர் இலாகா வாங்கிக் கொடுத்த பின்பே அவனை ஊருக்கு அனுப்ப வேண்டும். வழக்கு நடக்கும் வரை தங்குவதற்கு இப்போது தரப்படும் ஸ்பெஷல் பாஸ், பணம் கட்டி வாங்க வேண்டியதாயும் வேலை செய்ய உரிமையற்றதாயும் இருக்கிறது. பட்டினி கிடந்து நியாயம் கேள் என்பது நியாயமாகாது.

மூன்று: ஆள் தேவைப்படும் தொழில்களுக்கு இரு அரசாங்கங்களும் நேரடியாக ஏற்பாடு செய்ய வேண்டும். நடுவே ஏஜண்டு வேண்டாம். வந்துபோகும் செலவு முழுவதும் முதலாளியைச் சேர்ந்தது.

நான்கு: பாஸ்போர்ட் தொழிலாளியின் கையிலேயே இருக்க வேண்டும். அதைப் பூட்டி வைக்கும் முதலாளியைப் பூட்டி வைக்க வேண்டும்.

ஐந்து: தமிழ்நாட்டு அரசாங்கமும் ‘சுற்றுப்பயணி’ வேஷத்தில் ஆளனுப்பும் தரகர்களைக் கிராமத்திலேயே பிடிக்க வேண்டும். இங்கே வந்து பிணமாகவோ கைதியாகவோ திரும்பும்போது அனுதாபம் தெரிவிப்பது போதாது.

தோட்டத் தோழர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. ஊரிலுள்ள உறவினருக்குக் கடிதம் எழுதுகிறீர்கள், தொலைபேசியிலே பேசுகிறீர்கள். “சுற்றுப்பயணிப் பாஸிலே வேலைக்கு வராதே, வேலை பெர்மிட்டைக் கண்ணால் பார்க்காமல் காசு கொடுக்காதே” என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். ஏற்கனவே வந்து அகப்பட்டுக்கொண்டவன் உங்கள் பக்கத்திலே இருந்தால், அவனைக் காட்டிக்கொடுக்க ஓடாதீர்கள். அவன் வேலை செய்த நாளையும் நேரத்தையும் ஒரு நோட்டிலே எழுதி வைக்கச் சொல்லுங்கள். சம்பளம் வாங்கியதற்கு ஏதேனும் சீட்டோ படமோ இருந்தால் பத்திரப்படுத்தச் சொல்லுங்கள். எல்லைக்குப் போக வேனிலே ஏறுமுன் பாக்கிச் சம்பளத்தைக் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். சங்கத்தின் கிளையிலே கொண்டுவந்து நிறுத்துங்கள்.

சாப்பு அடித்த பாஸ்போர்ட்டும் சாப்பு அடிக்காத பாஸ்போர்ட்டும் முதலாளியின் கணக்குப் புத்தகத்திலே இரண்டு விலையாக இருக்கலாம். சங்கத்தின் கணக்கிலே உழைப்புக்கு ஒரே விலைதான். அந்த விலையைக் கேட்டு வாங்கும் வரை நம் கூலியும் பத்திரமில்லை, அவன் கூலியும் பத்திரமில்லை.

உழைப்பவன் சுற்றுப்பயணியல்லன்! உழைப்பைத் திருடுபவன் முதலாளியுமல்லன்! ஒன்றுபட்டு நிற்போம், உரிமையைக் கேட்டுப் பெறுவோம்!